வீட்டு நாயும் உதிரும் உரோமமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரமாக, இராஜபாளையம் என்னும் ஊர் அமைந்திருக்கிறது. 1936-ஆம் ஆண்டில் அங்கே நூற்பாலை நிறுவப்பட்டது முதல் பஞ்சும் நூலும் அவ்வூரின் பிழைப்பாயின. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் புண்ணுக்குக் கட்டும் மெல்லிய துணி தறிதோறும் நெய்யப்படுகிறது. ஆலை வேலை முடிந்து வீடு திரும்புவோரின் தலையிலும் தோளிலும் பஞ்சுத் துகள் படிந்திருக்கும். விடியற்காலையில் வீடு பெருக்குவோர், விளக்குமாற்றின் நுனியில் வெள்ளை நிறமான தூசி திரண்டு வருவதைக் காண்பர். அவ்வெண்மை முழுவதும் பஞ்சன்று. ஒரு பகுதி, வாயிற்படியின் அருகே சுருண்டு படுத்திருக்கும் வெள்ளை நாயின் உரோமமாகும்.

அந்நாய் ஊரின் பெயராலேயே இராஜபாளையம் நாய் என்று வழங்கப்படுகிறது. நீண்ட கால்களும், அகன்ற மார்பும், ஒட்டிய வயிறும் உடையது. உடல் முழுவதும் பால்போன்ற வெண்மை, மூக்கு இளஞ்சிவப்பு, கண்கள் பொன்னிறம். உரோமம் மிகக் குட்டையாய்த் தோலோடு படிந்து கிடப்பதால், தொலைவிலிருந்து காண்போர்க்கு அது உரோமமே இல்லாத விலங்குபோலத் தோன்றும். பாளையக்காரர் காலத்தில் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் இவ்வினத்தை வளர்த்தனர் என்று அப்பகுதி மக்கள் சொல்லுவர். 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது, இராஜபாளையம் நாயும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது.

இதே மாவட்டத்தில் சிப்பிப்பாறை என்று மற்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் பெயரைத் தாங்கிய நாய் இன்னும் மெலிந்தது. நீண்ட முகமும் வில்போல் வளைந்த முதுகும் கொண்டது. முயலைத் துரத்துவதில் பெயர் பெற்றது. கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த அதன் உறவினமே கன்னி நாய். மணமாகிச் செல்லும் பெண்ணுக்குச் சீர்வரிசையோடு கன்னி நாயையும் கொடுத்தனுப்பும் வழக்கம் முன்னர் இருந்தது என்பர். கர்னால் நகரிலுள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் இராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய இரண்டையும் தனி இனங்களாகப் பதிவு செய்துள்ளது. ஒரே மாவட்டம் இரண்டு நாயினங்களுக்குத் தாயகமாய் இருப்பது அம்மாவட்டத்தின் பேறு எனலாம்.

இந்நாய்கள் முற்காலத்தில் எங்கே வாழ்ந்தன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். கரிசல் காட்டில் பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்தன. அறுவடை முடிந்த நிலத்தில் இரவுதோறும் ஆட்டுக்கிடை போடுவர். கிடையைச் சுற்றி நாய் காவல் இருக்கும். களத்துமேடும், மாட்டுத் தொழுவமும், தோப்பும் அதன் இருப்பிடங்கள். மழை பெய்யும் நாளில் திண்ணைக்கு வரும். நிலைப்படியைத் தாண்டி உள்ளே வாராது. அது உதிர்த்த உரோமம் மண்ணில் விழுந்து, காற்றில் பறந்து, மண்ணோடு மண்ணாகிவிடும். அதனைக் கண்டவர் இலர். கண்டாலும் பொருட்படுத்தியவர் இலர்.

தமிழ்நாட்டில் நாய் இவ்வாறு வீட்டுக்கு வெளியே நின்று காத்தது பன்னூறு ஆண்டுப் பழைமை உடையது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. அது கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்டது. அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர் என்றும், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் அக்கல் கூறுகிறது. ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது என்றால், அதனைத் தமிழர் எவ்வளவு மதித்தனர் என்பது விளங்கும். ஆயினும் அந்த மதிப்பு வீட்டின் உள்ளே இடம் கொடுக்கும் மதிப்பன்று. வெளியே நின்று காத்ததற்கு அளித்த மதிப்பு.

சென்ற ஐம்பது அறுபது ஆண்டுகளில் நாயின் இருப்பிடம் மாறிவிட்டது. விளைநிலம் மனைநிலமாயிற்று. தோட்டம் சுருங்கி முற்றமாயிற்று. முற்றமும் மறைந்து மாடிவீடு எழுந்தது. காவல் காக்கத் தோப்பு இல்லாத நாய், கம்பிக்கதவைக் கடந்து கூடத்திற்குள் வந்தது. குழந்தைகள் அதனைக் கொஞ்சினர், பக்கத்தில் படுக்கவைத்தனர். வீடும் அதே காலத்தில் வேறொரு வகையில் மாறிக்கொண்டிருந்தது. சாணம் மெழுகிய மண்தரை உரோமத்தைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை மெழுகும்போது அது மறைந்துபோகும். அதன்பின் வந்த சிவப்புச் சிமெண்டுத் தரையிலோ வெள்ளை நாயின் ஒவ்வோர் உரோமமும் எழுதிவைத்ததுபோல் தெரியும். இப்போது பதிக்கப்படும் வழவழப்பான பீங்கான் ஓட்டில் உரோமம் நிலைத்து நில்லாது. மின்விசிறி சுழன்றவுடன் உருண்டோடிக் கட்டிலின் அடியிலும் கதவின் மூலையிலும் பந்துபந்தாய்த் திரளும். தென்னை ஈர்க்கு விளக்குமாற்றால் அதனைக் கூட்டினால், முன்னே தள்ளத் தள்ளப் பின்னே பறக்கும். பூந்துடைப்பத்தால் மெல்லக் கூட்டி, பிறகு ஈரத்துணியால் துடைத்தால்தான் அடங்கும். நாய் முன்பு உதிர்த்த அளவே இப்போதும் உதிர்க்கக்கூடும். தரை மாறியதால் அது கண்ணுக்குப் புலனாயிற்று, அவ்வளவே.

எனினும் அத்துடன் காரணம் முடிந்துவிடவில்லை. உரோமம் ஏன் உதிர்கிறது என்பதை அறிந்தால், வீட்டுக்குள் வந்ததனால் நாயின் உடலிலும் ஒரு மாறுதல் நேர்கிறது என்பது தெரியவரும்.

உரோமம் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நகம், கொம்பு, குளம்பு ஆகியவையும் அப்புரதத்தால் ஆனவையே. தோலுக்குள் சிறு பை போன்ற வேர்க்குழி ஒன்று உண்டு. அதிலிருந்து உரோமம் வளர்ந்து வெளிவரும். இவ்வளர்ச்சி ஓயாமல் நடப்பதன்று. சிறிது காலம் வளரும். பிறகு வளர்ச்சி தளரும். அதன்பின் வேர்க்குழி ஓய்வு கொள்ளும். ஓய்வு முடிந்து புதிய உரோமம் முளைவிடும் காலத்தில் பழையது கழன்று விழும். மரத்தில் தளிர் அரும்பப் பழுத்த இலை உதிர்வதை ஒத்தது இச்செயல். மனிதர் தலையிலும் இதுவே நடைபெறுகிறது. நலமாக உள்ள ஒருவர் தலையிலிருந்து நாள்தோறும் ஐம்பது முதல் நூறு முடிகள் வரை உதிர்கின்றன. நாயின் உரோமத்தைக் கண்டு முகம் சுளிப்போர், தம் சீப்பில் சிக்கிய முடியை அத்துணைப் பெரிதாய் எண்ணுவதில்லை.

திருவள்ளுவர் மானம் உடையோருக்கு உவமையாகக் கவரிமாவைக் குறிப்பிட்டார். ஓர் உரோமத்தை இழந்தாலும் அது உயிர் தரியாது என்பது அவ்வுவமையின் கருத்து. அறத்தை விளக்கவந்த உவமை அது, விலங்கியல் நூலன்று. வீட்டு நாயும் பூனையும் உரோமத்தை உதிர்த்துப் புதியது பெறுவதனாலேயே நலமாய் வாழ்கின்றன. உதிராது நின்ற பழைய உரோமம் அடர்ந்து திரிந்தால், தோலுக்குக் காற்றுப் படாது. அழுக்கும் உண்ணியும் அங்கே குடிபுகும்.

உரோமம் எப்போது உதிர வேண்டும் என்பதை விலங்கின் உடலுக்கு அறிவிப்பது பெரும்பாலும் பகலொளியின் நீளமே ஆகும். பகல் நீண்டால் கோடை வருகிறது என்று உடல் அறிந்து, குளிர்கால உரோமத்தைக் களையும். பகல் குறுகினால் அடர்ந்த உரோமத்தை வளர்க்கும். வடநாடுகளில் இக்குறிப்பு மிகத் தெளிவானது. மாஸ்கோ நகரில் கோடையில் பகல் பதினேழரை மணி நேரம்; கடுங்குளிர் காலத்தில் ஏழு மணி நேரம். ஆதலின் அங்குள்ள நாய்கள் ஆண்டுக்கு இருமுறை மூட்டை மூட்டையாய் உரோமத்தை உதிர்க்கின்றன. விருதுநகரோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பதரைப் பாகை அளவில் உள்ளது. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்டதே. இத்தகைய நாட்டில் பிறந்த குட்டை உரோம நாய், பெரும் உதிர்வுக் காலம் என்று ஒன்றின்றி, ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உதிர்க்கிறது.

வீட்டுக்குள் மின்விளக்கு இரவு பத்துமணி வரை எரிகிறது. குளிரும் வெப்பமும் சுவருக்கு வெளியே நின்றுவிடுகின்றன. உள்ளேயே வாழும் நாய்க்குப் பகல் எது, பருவம் எது என்ற குறிப்பு மழுங்கிவிடுகிறது. அதனால், பருவத்தில் உதிரவேண்டிய உரோமமும் பருவமின்றி ஓயாமல் உதிர்கிறது என்று கால்நடை மருத்துவர் கூறுவர். மனிதன் தன் இரவை நீட்டிக்கொண்டான். அவனோடு குடிவந்த நாயும் அந்த நீட்டிப்பில் பங்கு பெற்றுக்கொண்டது.

இக்காரணத்தால் அயல்நாட்டு நாய்களை வாங்குவோர் பெரும் தொல்லைக்கு ஆளாகின்றனர். செருமானிய மேய்ப்பு நாய், லாப்ரடார், சைபீரிய ஹஸ்கி முதலியவற்றுக்கு இரட்டை உரோமம் உண்டு. மேலே நீண்ட காவல் உரோமம்; அடியிலே பஞ்சுபோன்ற மென்மயிர். பனிக்கும் நீருக்கும் அஞ்சாதிருக்க இயற்கை அளித்த போர்வை அது. அப்போர்வையுடன் ஒரு நாய் சித்திரை வெயிலில் சிவகாசித் தெருவில் மூச்சிரைக்க நிற்பது இரக்கத்துக்குரிய காட்சி. அழகிய குட்டியை ஆசையோடு வாங்கி வருகின்றனர். எட்டு மாதத்தில் அது வளர்ந்து, உட்காரும் இடமெல்லாம் உரோமத்தைப் பரப்புகிறது. சோற்றில் உரோமம், பாயில் உரோமம் என்ற முறையீடு எழுகிறது. முதலில் கொல்லையில் கட்டுகின்றனர். பிறகு ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவோரும் உளர். தெருவில் பிறந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கும் வழி தெரியும். கூடத்தில் வளர்ந்த நாய்க்கு அது தெரியாது. உரோமம் உதிரும் என்ற எளிய செய்தியை வாங்குமுன் எண்ணிப் பாராததன் விளைவே இது. பூடில் என்னும் இனத்தைப் போலச் சில நாய்களுக்கு உரோமம் மனிதர் தலைமுடிபோல் நெடுங்காலம் வளர்ந்துகொண்டே இருக்கும், உதிர்வு குறைவு. ஆனால் அவற்றுக்கு அடிக்கடி உரோமம் வெட்டிவிட வேண்டும். கூலியோ உழைப்போ இல்லாமல் கிடைக்கும் நாய் உலகில் இல்லை.

இராஜபாளையம் நாயிலும் குறை இல்லாமல் இல்லை. அதன் வெண்மையே ஒரு குறைக்குக் காரணமாகிறது. உரோமத்துக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்கள் காதின் உட்பகுதியிலும் இருந்து, கேட்கும் ஆற்றலுக்குத் துணை செய்கின்றன. அவ்வுயிரணுக்கள் அற்றுப்போன வெள்ளைக் குட்டிகளுள் சில செவிடாய்ப் பிறக்கின்றன. குட்டி வாங்கச் செல்லும் அனுபவமுள்ளோர், அதன் பின்புறம் நின்று கைதட்டிப் பார்ப்பது இதனாலேயே. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கினால் இக்குறை மிகும்.

இனி, உரோமத்தால் நோய் வரும் என்ற அச்சத்தைப் பார்ப்போம். வயிற்றில் நாய் மயிர் போனால் கேடு என்று முதியோர் எச்சரிப்பர். அவர் சொல்லில் பாதி உண்மை உண்டு. விழுங்கிய உரோமம் செரிக்காமல் வெளியேறிவிடும், அதுவே நஞ்சன்று. ஆனால் நாயின் குடலில் வாழும் சிலவகைப் புழுக்களின் முட்டைகள் அதன் கழிவோடு வெளிவந்து உரோமத்தில் ஒட்டியிருக்கலாம். அவை மனிதர் வயிற்றுள் சென்றால் கல்லீரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளை உண்டாக்கக்கூடும். நாய்க்குக் காலந்தவறாமல் புழுமருந்து கொடுப்பதும், அதனைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவி உண்பதும் இதற்குப் போதிய காவலாகும். வெறிநோய்த் தடுப்பூசி எல்லாவற்றுக்கும் முதலில் போடவேண்டியது.

தும்மலும் இளைப்பும் வேறு வகை. பூனை இருக்கும் வீட்டில் நுழைந்தவுடன் சிலருக்குக் கண் அரிக்கும், மூக்கு ஒழுகும். அவர்கள் உரோமத்தைப் பழிப்பர். உண்மையில் ஒவ்வாமையை விளைப்பது பூனையின் உமிழ்நீரிலும் தோலெண்ணெயிலும் உள்ள ஒரு புரதம். பூனை தன் உடலை ஓயாது நக்கிச் சுத்தம் செய்யும் இயல்புடையது. அதன் நாவில் பின்னோக்கி வளைந்த சிறு கொக்கிகள் உள்ளன. அந்நா சீப்பாகவும் பயன்படுகிறது. நக்கும்போது உமிழ்நீர் உரோமத்தில் படிந்து உலர்ந்து, நுண்துகளாகிக் காற்றில் மிதக்கிறது. உதிர்ந்த உரோமம் அப்புரதத்தைச் சுமந்து செல்லும் வண்டியே அன்றி வேறன்று. நாவில் சிக்கிய உரோமத்தைப் பூனை விழுங்குவதும் உண்டு. அது வயிற்றில் உருண்டையாகத் திரளும்போது இருமிக் கக்கிவிடும். வளர்ப்போர் நாள்தோறும் வாரிவிட்டால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்கள் மழை குறைந்த வறண்ட நிலத்தில் அமைந்தவை. இந்த வறட்சியே தீப்பெட்டித் தொழிலுக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் ஏற்றதாயிற்று. 1922-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். அடுத்த ஆண்டு தொடங்கிய அத்தொழிலின் வழியே பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. இங்குள்ள வீடுகளில், வேலைக்குச் செல்லும் பெண்கள் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்று நாயின் உரோமத்தோடு தொடர்புடையது என்றால் வியப்பாக இருக்கும்.

பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குச் செல்வோர் பருத்தி ஆடையே அணிய வேண்டும். நைலான், பாலியெஸ்டர் முதலிய செயற்கை இழைத் துணிகள் கூடா. காலணியும் கூடாது. நிலத்தோடு இணைக்கப்பட்ட செப்புத் தகட்டைக் கையால் தொட்டுவிட்டு உள்ளே செல்லும் ஏற்பாடும் உண்டு. இவையனைத்தும் நிலைமின்னை அஞ்சிச் செய்பவை. இரு பொருள்கள் ஒன்றோடொன்று உராயும்போது மின்னேற்றம் பிறக்கிறது. எபோனைட்டுக் கோலைப் பூனையின் உரோமத்தால் தேய்த்தால், கோல் காகிதத் துணுக்குகளை ஈர்க்கும் என்பது பள்ளிச் சோதனைச்சாலையில் காட்டப்படுவது. ஈரமான காற்றில் இம்மின்னேற்றம் விரைவில் கசிந்து மறையும். வறண்ட காற்றில் நிலைத்து நிற்கும். சிறு பொறி ஒன்று எழுந்தாலும் பட்டாசு அறையில் அது உயிருக்கு உலை வைக்கும்.

வீட்டில் நாய் உராய்ந்து சென்றவுடன் பாலியெஸ்டர் சேலையில் உரோமம் பற்றிக்கொண்டு விடாதிருப்பதும் இந்த நிலைமின்னாலேயே. எவ்வளவு தட்டினாலும் அது போகாது. தட்டத் தட்ட உராய்வு மிகுந்து இன்னும் இறுகும். கையை நீரில் நனைத்து ஒருமுறை தடவினால் திரண்டு வந்துவிடும். ஈரம் மின்னேற்றத்தைக் கடத்திவிடுவதே காரணம். ஆலை வாயிலில் செப்புத் தகட்டைத் தொடும் கையும், வீட்டில் ஈரக்கையால் சேலையைத் தடவும் கையும் ஒரே இயற்கை விதியை அறிந்த கைகளே. முன்னது உயிரைக் காக்க; பின்னது சேலையைத் துப்புரவாக்க.

இப்பகுதியின் பிழைப்புக்கு ஆதாரமான வெடியோசை நாய்க்குப் பெருந்துன்பமாய் இருப்பதையும் சொல்லாமல் விட இயலாது. மனிதர் செவி நொடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரையே கேட்கும். நாயின் செவி நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அதிர்வையும் உணரும். தீபாவளியன்று வெடியொலி எழும்போது நாய் கட்டிலின் அடியில் புகுந்து நடுங்கும். அப்போது அதன் தோலிலுள்ள நுண்தசைகள் சுருங்கி உரோமத்தைச் சிலிர்க்கச் செய்யும். கழலும் நிலையில் இருந்த உரோமம் ஒருசேர உதிரும். பண்டிகைக்கு மறுநாள் காலையில் கட்டிலடியில் கிடக்கும் உரோமக் குவியல், அந்த நாய் இரவைக் கழித்த வகையைத் தெரிவிக்கும்.

2018-ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்கும் நேரத்தை இரண்டு மணியாகக் குறுக்கியது. தமிழக அரசு அதனைக் காலையில் ஆறு முதல் ஏழு வரை, மாலையில் ஏழு முதல் எட்டு வரை என்று பகுத்தது. காற்றின் தூய்மையைக் கருதி வந்த தீர்ப்பு அது. எனினும் நேரம் தெரிந்திருப்பதால் நாயை வளர்ப்போரும் பயன் பெறலாம். அந்நேரத்துக்கு முன்பே அதனை வெளியே உலவச் செய்து, உணவளித்து, சன்னலை மூடிய உள்ளறையில் வைத்துத் துணையாக ஒருவர் அமர்ந்திருந்தால் அச்சம் ஓரளவு தணியும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் பறவைகள் காப்பகம் உள்ளது. அதனை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வந்து தங்கும் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடும் என்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. பட்டாசு செய்து பிழைக்கும் சிவகாசிப் பகுதியில் அவ்வாறு கேட்பது முறையாகாது. அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அடுப்பெரிவது அத்தொழிலால்தான். நாயை நேசிக்கும் பெண்ணே பகலில் சரவெடி பின்னிவிட்டு வருபவளாகவும் இருக்கலாம்.

உரோம உதிர்வைத் தடுக்க வழி கேட்போர்க்கு ஒன்று சொல்லவேண்டும்: தடுக்க இயலாது, குறைக்கலாம். நாள்தோறும் மாலையில் திண்ணையிலோ மாடியிலோ நாயை நிறுத்தி, மென்மையான தூரிகையால் உரோமம் படிந்த திசையிலேயே வாரிவிட வேண்டும். கூடத்தில் விழ இருந்தது அங்கேயே கையோடு வந்துவிடும். குட்டை உரோம நாய்க்கு ஈரக்கையால் தடவுவதே போதும். அடிக்கடி சோப்பிட்டுக் குளிப்பாட்டுவது நன்றன்று. தோலிலுள்ள எண்ணெய் கழுவுண்டு, தோல் வறண்டு, உதிர்வு இன்னும் மிகும். வறண்ட ஊர்களில் சொல்லவே வேண்டுவதில்லை. வெறுஞ்சோறும் மோரும் மட்டும் உண்ணும் நாயின் உரோமம் மங்கி முரடாகும். உரோமம் புரதத்தால் ஆனதாதலின் முட்டையோ மீனோ இறைச்சியோ வேண்டும். கோடை என்று கருதி இரட்டை உரோம நாயை மொட்டையடிப்பவர் உளர். அவ்வுரோமம் வெயிலையும் ஓரளவு தடுப்பது. மழித்தால் தோல் வெந்துபோகும்.

உடல் முழுவதும் ஒரே அளவாய் உதிர்வது இயற்கை. ஓரிடத்தில் வட்டமாக வழுக்கை விழுந்தாலும், தோல் சிவந்து செதிலெழுந்தாலும், நாய் ஓயாமல் சொறிந்து கடித்துக்கொண்டாலும் அது நோயின் அறிகுறி. சொறிப்பூச்சி, உண்ணி, தெள்ளுப்பூச்சி ஆகியவை பெரும்பாலும் காரணமாய் இருக்கும். அப்போது அண்டைவீட்டார் சொல்லும் மருந்தைத் தடவாமல், அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வாரி எடுத்த உரோமத்தை என்ன செய்வது? பழைய வீடுகளில் அதனைக் கொல்லையில் எறிந்துவிடுவர். அதில் தழைச்சத்து உண்டு. குப்பைக்குழியில் மெல்ல மக்கி எருவாகும். சிட்டுக்குருவியும் மைனாவும் அதனைக் கவ்விச் சென்று கூட்டுக்கு மெத்தையாகப் போடுவதைப் பலர் கண்டிருப்பர். அதற்காகவே உரோமத்தைச் சிறு பந்தாக்கி மரக்கிளையில் செருகி வைக்கும் அன்புடையோரும் இருந்தனர். அண்மைக் காலத்தில் உண்ணியைக் கொல்ல நாயின் முதுகில் சொட்டு மருந்து விடும் வழக்கம் பரவியுள்ளது. அம்மருந்து உரோமத்தில் பல நாள் தங்கும். 2025-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் சிறு பறவைகளின் கூடுகளை ஆராய்ந்து, அவற்றில் மெத்தையாய்க் கிடந்த உரோமத்தில் அத்தகைய மருந்துகளைக் கண்டனர். மருந்தின் அளவு மிகுந்த கூடுகளில் பொரியாத முட்டைகளும் இறந்த குஞ்சுகளும் மிகுதியாய் இருந்தன. மருந்து விட்ட நாயின் உரோமத்தைக் காற்றில் விடாமல், காகிதத்தில் பொதிந்து குப்பைத் தொட்டியில் இடுவதே இப்போது தக்கது. மருந்து படாத நாயின் உரோமத்தைக் குருவி எடுத்துச் செல்வதில் தடையில்லை.